பதிலுக்கு நின்றவர்கள்

சவரிநாதனைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு முதலில் கோபம்தான் வரும். அழுகை அதற்கப்புறம். இந்தத் திருச்சியில் அவனைப்போல ஒரு வாயில்லாப்பூச்சியை நான் கண்டதில்லை. யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிவிடுவான். ஆட்டிவிட்டு, அப்புறம் உட்கார்ந்து நொந்துகொள்வான்.

தென்னூர்ப் பக்கம் ஒரு பிரசவ நர்சிங்ஹோம். பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. தாழ்வாரத்தின் இந்தப் பக்கம் என் எக்ஸ்ரே அறை, அந்தப் பக்கம் சவரியின் லேப். நஜிமுதீன் என்ற என் பெயரை அவன் ஒருநாள்கூடச் சொன்னதில்லை. எப்போதும் 'பாய்'தான். மத்தியானம் ரெண்டு பேருக்கும் ஒரே பெஞ்சில் சாப்பாடு. அவன் வீட்டு மீன்குழம்பு எனக்கு, என் வீட்டுக் கறி அவனுக்கு. அவன் மனைவி செல்வமேரி பாலக்கரை வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். புருஷனுக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

சவரிக்குத் தலையில் ரெட்டைச் சுழி. எவ்வளவு எண்ணெய் வைத்து அழுத்திச் சீவினாலும் உச்சியில் ரெண்டு கொத்து முடி எதிரும் புதிருமாக நிற்கும். "ரெட்டைச் சுழிக்கு ரெண்டு கல்யாணமாம்ல அண்ணே, அந்த ரெண்டாவது மகராசி எங்க இருக்கான்னு கொஞ்சம் விசாரிங்க. தையலுக்குக் காஜா எடுக்கவாவது ஆவா" என்று செல்வமேரி என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். அவனும் சிரிப்பான். அப்போதெல்லாம் சிரிப்பான்.

எழுபத்தெட்டில் சீமையில் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்ததாகப் பேப்பரில் வந்ததே, அப்போது எங்கள் நர்சிங்ஹோமுக்கு வருகிறவர்கள் எல்லாரும் சவரியின் லேபை எட்டி எட்டிப் பார்த்தார்கள். "இந்தக் குழாய்க்குள்ளயா சார் புள்ள வளருது?" என்று ஒரு காந்தி மார்க்கெட் வியாபாரி கேட்டே விட்டார். "இல்லீங்க, இதுல உங்க மூத்திரம் இருக்கு" என்றான் சவரி. ஒரே ஒரு செல்லை எடுத்து ஒரு மனுஷனை அச்சு அசலாக இன்னொரு மனுஷனாக வார்த்துவிடலாமாம், அதைச் சட்டம் விடலாமா, கடவுள் பொறுப்பாரா என்றெல்லாம் பத்திரிகைகளில் பெரிய படிப்புப் படித்தவர்கள் சண்டை போட்டார்கள். எங்கள் தாழ்வாரக் கோடியில், திரை போட்ட அறையில் நடந்ததைப் பற்றி எவரும் எழுதவில்லை. அதற்கென்று சட்டமும் கிடையாது, ஒரு காகிதமும் கிடையாது.

நடந்தது இதுதான். புருஷனிடம் குறை என்றால், டாக்டரம்மா ஒரு கல்லூரி மாணவனை வரச் சொல்வார். அவன் கொடுப்பதை ஒரு மணி நேரத்துக்குள் அந்தப் பெண்ணுக்கு ஊசிக்குழல் வழியாக வைத்துவிடுவார். பையனுக்குப் பெண் யாரென்று தெரியாது, பெண்ணுக்குப் பையன் யாரென்று தெரியாது. புருஷனிடம் மட்டும், "உங்களுடையது கொஞ்சம் பலவீனமா இருக்கு. வேற ஒண்ணோட கலந்து வைப்போம், ஒரு துணைக்கு" என்பார். கலந்துவிட்டால் யாருடையது என்று யார் சொல்ல முடியும்? புருஷன் தன்னுடையதுதான் என்று நம்பி வீட்டுக்குப் போவான். டாக்டரம்மா கெட்டவர் இல்லை. எத்தனையோ பெண்களைக் கிணற்றில் விழாமல் காப்பாற்றியவர். ஆனால் தான் செய்வது சரியா என்று அவரைக் கேட்க ஆள் இல்லை. அதுதான் வினை.

சவரிக்கும் செல்வமேரிக்கும் குழந்தை இல்லை. சின்ன வயசில் வந்த காசநோயில் செல்வமேரிக்குக் கர்ப்பக் குழாய் ரெண்டும் அடைத்துவிட்டது. அந்தப் படத்தை எடுத்தவன் நான். அவனையும் பரிசோதித்தார்கள், அவனிடம் ஒரு குறையும் இல்லை. சரி, அனாதை விடுதியிலிருந்து ஒரு பிள்ளையை எடுத்து வளர்ப்போம் என்று வக்கீலிடம் போனார்கள். "கிறிஸ்தவ வேதக்காரங்களுக்குத் தத்துச் சட்டம் கிடையாதுங்க. கார்டியனா இருக்கலாம், அப்பா அம்மாவா ஆக முடியாது" என்று அவர் கையை விரித்துவிட்டார். செல்வமேரி அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து, என் மனைவி கமருன்னிசா மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

எண்பத்தொன்றில் கைலாசபுரம் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து செபஸ்தியான் வந்தார். வெல்டர், நல்ல உழைப்பாளி, ஆறடி ஆள். மனைவி லூர்துராணி. கல்யாணமாகி எட்டு வருஷம். செபஸ்தியானின் பரிசோதனையைச் செய்தவன் சவரி. மைக்ரோஸ்கோப்பில் மூன்று தடவை பார்த்தான். ஒன்றுமே இல்லை, சுத்தமாக இல்லை. ரிப்போர்ட்டை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தான். டாக்டரம்மா படித்துவிட்டு, "இதை இப்படியே கொடுத்தா அந்த மனுஷன் ரயில்ல விழுந்துருவான் சவரி. 'குறைவு'ன்னு மாத்தி எழுதிட்டு வாங்க" என்றார். சவரி தலையை ஆட்டினான். மாற்றி எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

"ஏண்டா போட்டே?" என்று கேட்டேன்.

"அவரு வெளியில தொப்பியக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாரு பாய். என்ன பண்ணச் சொல்றே?"

அந்தக் காகிதத்தைச் சவரி நாலு பேர் முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்காமல், மரத்தடிக்குத் தனியாக அழைத்துப் போய்க் கொடுத்தான். "குறைவுதான், இல்லாம இல்ல" என்று ஆறுதலும் சொன்னான். செபஸ்தியான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அன்றிலிருந்து அவனை அண்ணே அண்ணே என்று சுற்றிவர ஆரம்பித்தார்.

ரெண்டு மாதம் முயற்சி பலிக்கவில்லை. மூன்றாவது தடவை குறித்த நாள் வைகுண்ட ஏகாதசி. எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். அந்தக் கல்லூரிப் பையன் ஸ்ரீரங்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். ஏகாதசியன்று காவிரிப் பாலத்தில் பஸ் ஊருமா? சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து அம்மாமண்டபம் வரைக்கும் தலைதான் தெரிந்தது. டாக்டரம்மா நாளைக் கணக்குப் போட்டார், எங்களில் ஒருத்தருக்கும் திருவிழா ஞாபகமில்லை. பத்து மணிக்கு வரவேண்டியவன் பன்னிரண்டு ஆகியும் வரவில்லை. உள்ளே லூர்துராணி கட்டிலில் படுத்திருந்தாள். வெளியே செபஸ்தியான் பிளாஸ்க்கில் காபி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா லேப் வாசலில் வந்து நின்றார். நான் பெஞ்சில் இருந்தேன். என்னை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

"சவரி, உங்க ரிப்போர்ட்ட நான் பார்த்திருக்கேன். ஒரு குறையும் கிடையாது. அவங்களும் உங்க வேதம்தான், நிறமும் ஒத்துப்போகும். இந்த மாசம் விட்டா அந்தப் பொண்ணு இனிமே வரமாட்டா."

"அம்மா, நான்... எனக்குத் தெரிஞ்சவங்கம்மா அவங்க."

"யாருக்கும் தெரியப்போறது இல்ல. உங்க மனைவிக்கு எத்தனை வருஷமா நான் வைத்தியம் பாக்கிறேன், ஒரு பைசா வாங்கியிருக்கேனா? சீக்கிரம், அவ படுத்துக்கிடக்கா."

சவரி என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? 'வேணாம்டா' என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. எனக்கும் அங்கேதானே சம்பளம். அவன் தலையை ஆட்டினான்.

அடுத்த மாதமே லூர்துராணிக்குக் கரு தங்கியது தெரிந்துவிட்டது. செபஸ்தியான் ரெண்டு கிலோ லட்டோடு வந்து நர்சிங்ஹோம் முழுக்கக் கொடுத்தார். சவரி வீட்டுக்கும் போனார். லூர்துராணியும் செல்வமேரியும் சிநேகிதிகளாகிவிட்டார்கள். செல்வமேரி வாராவாரம் கைலாசபுரத்துக்குப் பஸ் ஏறி ஊறுகாய் கொண்டுபோனாள். புரட்டாசியில் ஆண்குழந்தை. பிலோமின்ராஜ் என்று பெயர் வைத்தார்கள்.

இதோடு முடிந்திருந்தால் சவரி எப்படியோ மென்று முழுங்கியிருப்பான். ஒரு நாள் செபஸ்தியானும் லூர்துராணியும் தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். "அண்ணே, அண்ணி, நீங்க ரெண்டு பேரும்தான் எங்க பிள்ளைக்கு ஞானத்தகப்பன், ஞானத்தாய். வேற யாரையும் நாங்க நினைக்கல. என் மானத்தக் காப்பாத்தினவரு அண்ணன்."

சவரி பேய் முழி முழித்தானாம். அதற்குள் செல்வமேரி தட்டை வாங்கிவிட்டாள். ஞானஸ்நானத் தொட்டியில் பிள்ளையை ஏந்தி நிற்கப்போகிறவள் அவள். அவளை 'அம்மா' என்று ஒரு பிள்ளை கூப்பிட, கோயிலே எழுதிக்கொடுக்கிற உரிமை அது. அன்று சாயங்காலமே சத்திரம் பக்கம் போய் வெள்ளைச் சாட்டின் துணி எடுத்துவந்து கவுன் தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் சவரி சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. "பெத்த தகப்பன் ஞானத்தகப்பனா நிக்கக் கூடாது பாய். கோயில் சட்டம். ஞான உபதேச வகுப்புலயே சொல்லிக்கொடுத்திருக்காங்க."

"நீ பெத்த தகப்பனா?" என்றேன்.

"அதான் எனக்கும் தெரியல. வக்கீல்ட்ட ஒரு சிநேகிதனுக்குன்னு சொல்லிக் கேட்டேன். கல்யாணமான வீட்டுல பொறந்த பிள்ளை புருஷன் பிள்ளைதான், கோர்ட்டு அதுக்கு மேல கேக்காதுன்னுட்டாரு. அப்ப நான் யாரும் இல்ல. ஆனா கோயில்ல போய் அந்தப் பிள்ளையைத் தொட்டுக்கிட்டு நின்னா பொய் சொன்னதாகும்னு மனசு அடிச்சுக்குது."

பங்குச்சாமியாருக்கு இவன் குரல் தெரியும். அதனால் ஊருக்கு வெளியே வேறொரு கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தான், தட்டிக்குப் பின்னால் இருக்கும் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். உள்ளே ஓர் இளம் சாமியார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணைத் தொட்டியா?" என்றாராம். இல்லை சாமி. "ஆசைப்பட்டியா?" இல்லை சாமி. "அப்புறம் எப்படிப்பா பிள்ளை?" மறுபடி முதலிலிருந்து விளக்கியிருக்கிறான். கடைசியில், "இது தப்புதான். ஆனா நீ தகப்பனா இல்லையான்னு எனக்குச் சொல்லத் தெரியல. சந்தேகம்னா நிக்காதே. நிக்க மாட்டேன்னு சொல்லிடு, அவ்வளவுதானே" என்று செபமாலையை உருட்டி ஐம்பத்து மூன்று மணி செபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அவ்வளவுதானே! ஞானத்தகப்பனாக நிற்க மாட்டேன் என்று ஒருத்தன் சொன்னால் அது முகத்தில் காறித் துப்புவது மாதிரி. ஏன் என்று செபஸ்தியான் கேட்பார். உண்மையைச் சொன்னால் பொய் ரிப்போர்ட் வெளியே வரும், அந்த மனுஷன் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிய கையே அவரைச் சுடும். சொல்லாவிட்டால் செல்வமேரி கேட்பாள். டாக்டரம்மாவிடம் போனான். "நீங்க வாயத் திறந்தா மூணு குடும்பம் போகும் சவரி" என்று அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

நான்தான் யோசனை சொன்னேன். இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிற யோசனை. "ஞாயித்துக்கிழமை சடங்கு ஆரம்பிக்கிறப்ப நான் சைக்கிள்ல வரேன். அவசரக் கேஸ், ரத்தம் சேருதான்னு பாக்கணும், டாக்டரம்மா கூப்பிடுறாங்கன்னு சொல்றேன். நீ கிளம்பிடு. செல்வமேரி மட்டும் நிக்கட்டும். ஒரு ஆள் நின்னாப் போதும்னு நீதானே சொன்னே?"

அப்படியே செய்தோம். ரெண்டாவது பூசை முடிந்து, தொட்டிப் பக்கம் எல்லாரும் கூடியிருந்தார்கள். செல்வமேரி பட்டுப்புடவையில், கையில் பிள்ளை, வெள்ளைக் கவுன் முழங்கை வரை தொங்கியது. கோயில் வாசலில் நின்று நான் மூச்சு வாங்குவதுபோல நடித்தேன். சவரி திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்தான். ரெண்டு பேரும் காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடையில் போய் ஒளிந்துகொண்டோம். எதிரே சுமை தூக்குகிறவர்கள் வெங்காய மூட்டை இறக்கினார்கள். அவனுடைய டீ ஆடை படிந்து ஆறிப்போனது. "தப்பிச்சேன் பாய்" என்று மட்டும் சொன்னான்.

மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனபோது செல்வமேரி கேக் வெட்டி வைத்திருந்தாள். "நீங்க ஓடிட்டீங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு" என்று புருஷனிடம் சொன்னாள். "செபஸ்தியான் தம்பி, அண்ணன் வர வரைக்கும் காத்திருப்போம்னாரு. சாமியார்தான், அதுக்கென்ன, ஆள் இல்லாட்டி பதிலுக்கு ஒருத்தரு நிக்கலாம், சட்டம் இருக்குன்னு சொன்னாரு. நம்ம கோயில் உபதேசியார் அற்புதசாமி உங்களுக்குப் பதிலா நின்னு, பசாசை விட்டுவிடுகிறேன்னு சடங்கு வார்த்தையும் சொன்னாரு. புத்தகத்துல உங்க பேரைத்தான் எழுதினாங்க. ஞானத்தகப்பன் சவரிநாதன். நான் பக்கத்துல நின்னு பாத்தேன். ஒரு குறையும் இல்ல."

சவரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இல்லாதவனுக்குப் பதிலாக ஒருத்தன் வந்து நிற்பது, பெயர் மட்டும் இல்லாதவனுடையதாக எழுதப்படுவது. ஏகாதசியன்று எங்கள் லேபில் நடந்ததும் அதுதானே. அங்கே பதிலுக்கு நின்றவன் இங்கே வர மறுத்தான். வராமலே அவனை உள்ளே இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஆறு வருஷம். மாதத்துக்கு ரெண்டு ஞாயிறு செபஸ்தியான் குடும்பம் பாலக்கரைக்கு வரும். பையன் 'ஞானப்பா' என்று ஓடிவந்து இவன் காலைக் கட்டிக்கொள்வான். பையன் தலையிலும் உச்சியில் ரெண்டு கொத்து எதிரும் புதிருமாக நிற்கும். "ஞானத்தகப்பன் சாயல் பிள்ளைக்கு வரும்னு பெரியவங்க சொல்றது நெசம்தான் போல" என்று செபஸ்தியான் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார். அப்போதெல்லாம் சவரி தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவான். பையனைத் தூக்கமாட்டான், மடியில் வந்து உட்கார்ந்தால் தள்ளவும் மாட்டான். கைகள் ரெண்டையும் தரையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மனுஷன் பாதியாகிப் போனான். நற்கருணை வாங்க வரிசையில் போவதையும் நிறுத்திவிட்டான்.

எண்பத்தெட்டில் என்னிடம் வந்தான். "பாய், உன் சின்னம்மா மகன் ஜெகபர் சாதிக் சவுதியில தம்மாம்ல ஒரு ஆஸ்பத்திரியில இருக்காருல்ல. லேப் வேலை ஏதாவது கிடைக்குமான்னு கேளு. அடுத்த வருஷம் பையனுக்குப் புதுநன்மை, முதல் தடவையா நற்கருணை வாங்குற சடங்கு. அப்ப நான் பக்கத்துல நிக்கணும்பாங்க. இன்னொரு தடவை ஓடி ஒளிய எனக்குத் தெம்பில்ல. ரெண்டு வருஷம் நான் போயிட்டா, பழக்கம் விட்டுப்போயிரும். மேரியை அவ அண்ணன் வீட்டுக்கு மதுரைக்கு அனுப்பிடறேன்."

எழுதிப் போட்டேன். மூன்றே வாரத்தில் பதில் வந்தது. வேலை இருக்கிறது, பாஸ்போர்ட் நகலை அனுப்பு என்று. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், செல்வமேரி என் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். கமருன்னிசாவை, "கொஞ்சம் டீ போடுறீங்களா மச்சி" என்று உள்ளே அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, ஞானஸ்நானத்தன்னைக்கு ஆஸ்பத்திரியில அவசரக் கேஸ் எதுவும் இல்ல. அவருக்குக் கேக் கொடுக்கலாம்னு வர வழியில ஆட்டோவ நிறுத்தினேன். சவரி சார் வரவே இல்லையேன்னு வாட்ச்மேன் சொன்னாரு."

நான் சட்டைப் பையிலிருந்த கடிதத்தைக் கையால் மூடிக்கொண்டேன்.

"தண்ணி ஊத்தினப்ப பிள்ளை தலை என் கையிலதான் இருந்துச்சு. ஈரத்துல சுழி ரெண்டும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. லூர்துராணி எங்கிட்ட எல்லாம் சொல்லியிருக்கா, கலந்து வச்சாங்கன்னு, ஏகாதசியன்னைக்கு ரொம்ப நேரம் காத்துக்கிடந்தேன்னு. ஆறு வருஷமா நான் யாரையும் கேக்கல. இப்ப உங்கள ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவரு அவளைத் தொட்டாரா?"

"அல்லா மேல ஆணையா இல்லம்மா. அந்த அறைக்குள்ளயே அவன் போகல. டாக்டரம்மா கட்டாயப்படுத்தினாங்க. நான் பக்கத்துல இருந்தேன். தடுக்காதது என் தப்பு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது போதும்" என்றாள்.

"அவன்கிட்ட சொல்லிடும்மா. உனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அந்த மனுஷன் பாரம் பாதி இறங்கும்" என்றேன்.

"சொல்லமாட்டேன் அண்ணே. நீங்களும் சொல்லக் கூடாது. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா என் மூஞ்சில முழிக்க முடியாம, அந்தப் பிள்ளை வீட்டுக்கு வர்றதையே நிறுத்திருவாரு. எனக்கு இருக்கிறது அந்த மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமைதான். சவுதிக்கும் அவரை அனுப்பாதீங்க. அனுப்பினா என்னை மதுரையில கொண்டு போட்டுருவாரு." கையெடுத்துக் கும்பிட்டாள். "எனக்கு வேற பிள்ளை ஏது?"

கோபம் கோபமாக வந்தது எனக்கு. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அவன் மூச்சுவிட ஒரு ஜன்னல் கேட்கிறான். அதை அடைத்துவிடு என்று இவள் கும்பிடுகிறாள். அவன் சொல்லாதது இவளுக்காக, இவள் சொல்லாதது பிள்ளைக்காக. நடுவில் ரெண்டு பேர் சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டு நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாலக்கரைக்குப் போனேன். செபஸ்தியானும் லூர்துராணியும் பையனை விட்டுவிட்டுத் துணிக்கடைக்குப் போயிருந்தார்கள். சவரியும் பையனும் தரையில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தார்கள். ரெண்டு தலையும் குனிந்திருந்தன. செல்வமேரி அடுப்பு முன்னால் இருந்தாள், திரும்பவில்லை.

"சவரி, ஜெகபர் எழுதியிருக்கான். அங்க ஆள் எடுக்கலியாம். இனிமே எடுக்கமாட்டாங்களாம்" என்றேன். கடிதம் அப்போதும் என் பையில்தான் இருந்தது.

அவன் கையில் எடுத்த தோசைத் துண்டு அப்படியே நின்றது. தலையை மட்டும் ஆட்டினான்.

"அப்ப நீங்க எங்கயும் போகலையா ஞானப்பா?" என்று பையன் வாய் நிறையத் தோசையோடு கேட்டான்.

"இல்லடா."

பையன் சட்னிக் கையோடு அவன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். செல்வமேரி எனக்கு ஒரு தட்டு வைத்து, சுடச்சுட ரெண்டு தோசை போட்டாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. நானும் குனிந்து சாப்பிட்டேன்.